மாவு இல்லாத பிஸ்கட்டும் நம்ம வாக்கும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். பத்தாவது வரைக்கும் படித்தேன், அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், ஆடு மாடு என்று போய்விட்டது. எங்கள் குழுவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து வீட்டிலேயே பிஸ்கட் போடுகிறோம். அதில் மைதா கிடையாது, கோதுமை கிடையாது. அரிசி மாவு, ராகி மாவுகூடக் கிடையாது. "மாவே இல்லாம ஏனுங்க பிஸ்கட்டு வரும்?" என்று கேட்காத ஆள் இல்லை. அதைப் பற்றித்தான் பேசச் சொல்லித் தலைவியம்மா கேட்டுக்கொண்டார்கள். செய்முறை சொல்கிறேன், அளவும் சொல்கிறேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் கடைசியில் சொல்கிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் மகளுக்கு இப்போது ஒன்பது வயசு. நாலு வயசு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு வயிறு உப்பலாகவே இருக்கும், கை கால் குச்சி மாதிரி இருக்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. பூச்சி மருந்து கொடுத்தாச்சு, மந்திரிச்சாச்சு, இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் குடலில் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார்கள், சீலியாக் நோய் என்று. கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் என்ற புரதம் அந்தப் பிள்ளையின் குடலுக்கு ஆகாது. மருந்து எதுவும் இல்லை. கோதுமை, பார்லி இதெல்லாம் ஆயுசுக்கும் சாப்பிடக்கூடாது, அதுதான் வைத்தியம்.

க்ளூட்டன் என்றால் ஏதோ புது வார்த்தை மாதிரி இருக்கும். நமக்குத் தெரிந்ததுதானுங்க. பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் வேட்டி மாதிரி விரியுது இல்லையா, அந்த இழுவைதான் க்ளூட்டன். அரிசி மாவைப் பிசைந்தால் அப்படி இழுக்காது. ராகி, கம்பு, சோளம், தினை, சாமை எதிலும் அது இல்லை. கோதுமை, அதிலிருந்து வருகிற மைதா, ரவை, சேமியா, அப்புறம் பார்லி, இதிலெல்லாம் உண்டு. பார்லியிலிருந்து எடுக்கிற மால்ட் சேர்த்த சத்துப்பானப் பொடியிலும் உண்டு. கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தூளில்கூட மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கலாம், டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

இந்த நோய்க்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்த கதை ஒன்று உண்டு. இரண்டாவது உலகப் போர் சமயம், 1944, 45ஆம் வருஷக் குளிர்காலத்தில் நெதர்லாந்து நாட்டில் பெரிய பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. கிழங்கையும் கிடைத்ததையும் தின்று மக்கள் உயிர் பிழைத்தார்கள். ஊரே மெலிந்து கிடக்கிறபோது, ஆஸ்பத்திரியில் இருந்த சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறி வந்தார்கள். பஞ்சம் தீர்ந்து ரொட்டி வந்தது, அந்தப் பிள்ளைகளுக்கு மறுபடியும் வயிறு கெட்டது. வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர் இதைக் கவனித்து, 1950இல் எழுதி வெளியிட்டார். அதுக்கு முன்னாடி எத்தனை தாய்மார் பிள்ளை தேறணும் என்று ரொட்டியைப் பாலில் ஊற வைத்துக் கொடுத்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

நம்ம பக்கம் சோறுதானே முக்கியம், நமக்கு எதுக்கு இது என்று நினைக்கலாம். கோதுமை அதிகம் சாப்பிடுகிற வடக்கே இந்த நோய் கூடுதலாகத் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால் நம்ம வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு என்ன சாப்பிடுகிறார்கள்? காலையில் டீக்குப் பிஸ்கட், இடைவேளைக்குப் பிஸ்கட், சாயங்காலம் நூடுல்ஸ், ராத்திரி சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. அஞ்சு வேளையும் கோதுமைதான், வேறவேற வேஷத்தில் வருகிறது. எங்கள் ஆயா பிஸ்கட்டை 'ரொட்டி' என்றுதான் சொல்லும். காய்ச்சல் வந்தால்தான் அந்த ரொட்டி வீட்டுக்கு வரும். இன்றைக்குக் காய்ச்சல் இல்லாத பிள்ளையும் தினம் ஒரு பாக்கெட் முடிக்குது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். பிள்ளை ஒல்லியாக இருக்கிறது என்று நாமாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தாலும் ரத்தத்தில் தெரியாமல் போய்விடும். ஓயாத வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், வளர்த்தி இல்லாமை, மருந்து கொடுத்தும் ஏறாத ரத்தசோகை, இப்படி இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிப் பரிசோதனை. அதுக்கு அப்புறம்தான் நிறுத்துவது. இது ஒண்ணு. நோய் இல்லாதவர்களுக்குக் கோதுமை விஷம் இல்லை. இது ரெண்டு.

அப்போ அரிசி மாவிலோ ராகி மாவிலோ பிஸ்கட் போடலாமே, ஏன் தானியமே வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்பீர்கள். ரெண்டு காரணமுங்க.

முதல் காரணம் மாவு மில். ராகி அரைத்த பின்னாடி பச்சரிசி அரைத்தால் முதல் ரெண்டு படி மாவு என்ன நிறத்தில் வருது? சாம்பல் நிறத்தில் வருது. மில்லுக்காரர் "முதல்ல வர்றதைத் தனியா எடுத்துக்குங்க" என்பார். அதுவே ரேஷன் கோதுமை அரைத்த பின்னாடி பச்சரிசி அரைத்தால்? வெள்ளை மாவில் வெள்ளை மாவு. கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தெரியவில்லை என்றாலும் அந்தப் பிள்ளையின் குடலுக்குத் தெரியும். 'க்ளூட்டன் இல்லாதது' என்று ஒரு பொட்டலத்தில் போட வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அளவு. இதை நம்ம கணக்கில் போட்டுப் பாருங்கள். 50 கிலோ மூட்டைக்கு ஒரே ஒரு கிராம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு க்ளூட்டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு மூட்டைக்கு ஒரு பெரிய ஸ்பூன் கோதுமை மாவு. அதுக்கு மேலே போனால் தப்பு. மில்லில் பல் சந்தில் ஒட்டியிருக்கிற மாவே அதைவிட அதிகம் இருக்கும்.

கடலையும் எள்ளும் தேங்காயும் அப்படியில்லை. மில்லுக்குப் போக வேண்டியதில்லை. நாமே வாங்கி, நாமே புடைத்து, நாமே வறுத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொள்ளலாம். ஆரம்பம் முதல் கடைசி வரைக்கும் எந்தக் கை பட்டது, எந்தப் பாத்திரம் பட்டது என்று நமக்குத் தெரியும்.

ரெண்டாவது காரணம் சத்து. மைதா பிஸ்கட்டில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும் வனஸ்பதியும்தான். நிலக்கடலையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். எள்ளில், அதுவும் தோல் எடுக்காத எள்ளில், 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேலே சுண்ணாம்புச்சத்து. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். பிள்ளைக்கு ரெண்டு பிஸ்கட் கொடுத்தாலும் வயிற்றில் நிற்கும்.

அதுக்காக ராகியையும் கம்பையும் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூழும் களியும் கொல்லிமலைச் சாமையும் தினையும் நமக்கு எப்பவும் வேண்டியதுதான். பிஸ்கட்டுக்கு மட்டும் வேறு வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று பாருங்கள். பரோட்டாவைக் கோதுமை இல்லாமல் செய்வது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் அதுக்கு இழுவை வேண்டும். பிஸ்கட்டுக்கு இழுவையே வேண்டாம், மொறுமொறு என்று உடைய வேண்டும். சேர்த்துப் பிடிக்க ஏதாவது ஒன்று இருந்தால் போதும். அந்தப் பிடிமானம்தான் முட்டையின் வெள்ளைக்கரு. இது நான் கண்டுபிடித்தது இல்லை. தூத்துக்குடி மக்ரூன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கூம்பு கூம்பாக வெள்ளையாக இருக்கும். அதில் என்ன இருக்கிறது? முந்திரிப்பருப்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை. மூன்றே சாமான். ஒரு பொட்டு மாவு கிடையாது. யாரும் 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று பேர் வைக்காத காலத்திலிருந்தே அங்கே பேக்கரிகளில் அதைச் செய்து விற்கிறார்கள்.

முந்திரி விலைக்கு நாம் போக முடியாது. ஆனால் முட்டை யாருடையது? நாமக்கல்லுடையது. நாட்டின் எந்த மூலைக்கும் முட்டை லாரி போவது நம்ம ஊரிலிருந்து. மானாவாரியில் கடலைக்காய் நம்ம காட்டில் விளையுது. எள்ளு விளையுது. பரமத்தி வேலூர்ப் பக்கம் காவிரிக்கரையில் தேங்காய். பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு வருகிற வெல்லம் எங்கெங்கேயோ போகுது. குச்சிக்கிழங்கு நட்டால் சேகோ மில்லுக்குப் போய் ஜவ்வரிசியாகுது. 1943வாக்கில் சேலத்தில் சின்ன அளவில் ஆரம்பித்த தொழில் அது. 1981இல் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தச் சாமான் எல்லாவற்றையும் நாம் மூட்டையாகக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, எங்கிருந்தோ வருகிற மைதா பிஸ்கட்டைப் பாக்கெட்டாக வாங்கிக்கொண்டு வருகிறோம்.

இனி செய்முறை. நோட்டில் எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அடுப்பு. ஓவன் வேண்டியதில்லை. கனமான குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு. அதுமேல் ஒரு ஸ்டாண்டு. மூடி போட்டு மிதமான தீயில் 10 நிமிஷம் காய விடுங்கள். அப்புறம் நெய் தடவின தட்டில் பிஸ்கட்டை வைத்து உள்ளே இறக்கி, தீயைக் குறைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, உப்பும் கருகாது, அதையே அடுத்த தடவைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஓவன் இருக்கிறவர்கள் 150 டிகிரி வைத்தால் சரியாக இருக்கும்.

நிலக்கடலை பிஸ்கட்: தோல் நீக்கின வறுத்த கடலை 200 கிராம், சலித்த நாட்டுச்சர்க்கரை 100 கிராம், முட்டை ஒண்ணு, சோடா உப்பு ரெண்டு சிட்டிகை, சாதா உப்பு ஒரு சிட்டிகை, சுக்குப்பொடி கால் ஸ்பூன். கடலை நன்றாக ஆறின பின்னாடி மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். சேர்ந்தாற்போல் ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். மணல் மணலாக இருக்கிற பதத்தில் நிறுத்திவிடுங்கள். எல்லாம் சேர்த்துப் பிசைந்தால் எள்ளுருண்டை பிடிக்கிற பதம் வரும். நெல்லிக்காய் அளவில் 20 உருண்டை பிடித்து, லேசாகத் தட்டி, ஒண்ணுக்கொண்ணு இடம் விட்டு வையுங்கள். 15லிருந்து 20 நிமிஷம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று மறுபடியும் உள்ளே வைக்காதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும்.

கடலை வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிக்கிறது, ஒண்ணைக்கூட உள்ளே விடக் கூடாது. அந்தப் பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் என்று ஈரலைக் கெடுக்கிற விஷம் உண்டு. வறுத்தால் அது போய்விடாது. பொறுக்கித்தான் ஆக வேண்டும்.

தேங்காய் மக்ரூன்: உலர்ந்த தேங்காய்த் துருவல் 150 கிராம், சர்க்கரை 80 கிராம், ரெண்டு முட்டையின் வெள்ளைக்கரு, ஏலக்காய். கொப்பரையைத் துருவி வெயிலில் ஒரு நாள் போட்டால் கடைத்துருவல் மாதிரியே இருக்கும். பச்சைத் தேங்காய் என்றால் ஈரம் போக வடச்சட்டியில் சிறுதீயில் வறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்கருவை அகலமான ஈரமில்லாத பாத்திரத்தில் நுரை வெள்ளையாகத் திரண்டு வரும் வரைக்கும் அடியுங்கள். மஞ்சள்கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை திரளாது. நுரைத்த பின்னாடி சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, கடைசியில் தேங்காயைப் போட்டுக் கரண்டியால் மெதுவாகப் புரட்டுங்கள். சின்னச் சின்னக் கூம்பாக வைத்து 20லிருந்து 25 நிமிஷம், சிறுதீதான். மிஞ்சின மஞ்சள்கருவைப் பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுத்துவிடலாம்.

எள்ளு பிஸ்கட்: கல் மண் இல்லாமல் கழுவிக் காய வைத்து வறுத்த எள்ளு 100 கிராம், நாட்டுச்சர்க்கரை 60 கிராம், ஒரு முட்டை வெள்ளைக்கரு. இதுக்கு நுரைக்க வேண்டியதில்லை, கலந்தால் போதும். பட்டர் பேப்பர் மேலே ஒரு ஸ்பூன் வைத்து, விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அப்பளம் மாதிரி மெல்லிசாகப் பரப்புங்கள். 12லிருந்து 15 நிமிஷம்.

முட்டை சாப்பிடாத வீட்டுக்கு: பொடித்த கடலை 150 கிராம், ஜவ்வரிசி மாவு 60 கிராம், பொடித்த சர்க்கரை 70 கிராம், நெய் 50 கிராம், ஏலக்காய். ஜவ்வரிசியை லேசாக வறுத்து, ஆற வைத்து மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். நெய்யையும் சர்க்கரையையும் முதலில் குழைத்து, மற்றதைச் சேர்த்துப் பிசைந்து, வறண்டு இருந்தால் ஒரு ஸ்பூன் பால் விடுங்கள். நெய் பிஸ்கட் மாதிரி வாயில் வைத்தால் கரையும். ஜவ்வரிசி வாங்கும்போது நல்ல இடமாகப் பார்த்து வாங்குங்கள். மக்காச்சோள ஸ்டார்ச் கலக்கிறார்கள் என்ற பேச்சு நம்ம பக்கம் ரொம்ப நாளாக உண்டு.

எல்லாவற்றையும் ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வைத்தால் கடலை, எள்ளு பிஸ்கட் 15 நாள் வரும். தேங்காய் ஒரு வாரம். அதுக்கு மேலே போனால் சிக்கு வாடை வரும், விற்கவும் கூடாது, பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

இப்போது நாக்குக்குக் கசப்பான ஒரு விஷயம். இது 'ஆரோக்கிய பிஸ்கட்' என்று நாம் பேர் வைத்துவிட்டால், பத்து தின்றாலும் ஒண்ணும் ஆகாது என்று ஆகிவிடாது. கடலை பிஸ்கட் கணக்கையே பாருங்கள். 100 கிராம் சர்க்கரையை 20 பிஸ்கட்டுக்குப் போட்டிருக்கிறோம். ஒரு பிஸ்கட்டுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். நாலு தின்றால் நாலு ஸ்பூன். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான், கருப்பட்டியும் சர்க்கரைதான். என் மாமனாருக்குச் சர்க்கரை நோய். "நாட்டுச்சக்கரைதானே தாயி, இன்னும் ரெண்டு குடு" என்று கேட்பார். "மாமா, பேரு மாறுனா வேலை மாறாதுங்க" என்று சொல்லி ஒண்ணுதான் கொடுப்பேன். ஜவ்வரிசி மாவு போட்டது அவருக்குக் கிடையவே கிடையாது, கிழங்கு மாவு முழுக்க மாவுச்சத்து, சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். கடலை சேராத பிள்ளைகளும் உண்டு, தின்றால் உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன்னாடி அவர்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நான் கடைசியில் சொல்கிறேன் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பிஸ்கட் ஊரில் நல்ல பேர் எடுத்த பின்னாடி, டவுனில் ஒரு கடைக்காரர் கேட்டு வந்தார். வாரம் 15 கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாலு பேருக்கும் மாசம் பிறந்தால் கையில் காசு நிற்கும், அந்த மாதிரி ஆர்டர். ஒரே ஒரு நிபந்தனை. டப்பா மேலே 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டினால் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடக் கிடைக்கும். "நீங்கதான் கோதுமையே போடறதில்லையே, ஒட்டறதுக்கு என்ன?" என்றார்.

குழுக் கூட்டத்தில் இதை வைத்தோம். ரெண்டு மணி நேரம் பேச்சு. ஒரு அக்கா சொன்னார்கள், "நாம பொய்யா சொல்றோம்? கோதுமை போடலைங்கறது நெசந்தானே." அவர்களுக்கு மகள் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் அது. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. இன்னொரு தங்கச்சி கேட்டாள், "நம்ம நாலு வீட்டிலயும் காலையில சப்பாத்தி போடறோம். அதே மேடை, அதே பலகை. அதுல ஒட்டியிருந்தா?" அப்போது நான் என் நாத்தனார் மகளைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அன்றைக்கு எங்கள் வீட்டில் கோதுமை டப்பா வெளியிலேயே வராது. மேடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தனி மிக்ஸி ஜார், தனித் தட்டு, தனிச் சல்லடை. அந்தச் சல்லடை ஆணியில் மேலே மாட்டியிருக்கும், யாரும் தொடக் கூடாது. ஒரு பிள்ளைக்கு, ஒரு டப்பாவுக்கு இதைச் செய்யலாம். வாரம் 15 கிலோவுக்கு நாலு வீட்டில் நாலு அடுப்பில் இதைச் செய்கிறோம் என்று சத்தியம் பண்ண முடியுமா?

அந்த ஸ்டிக்கரை யார் நம்பி வாங்குவார்கள் என்று யோசித்தோம். உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கு அது சும்மா ஒரு ஸ்டைல். ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எங்கேயோ ஒரு தாய், ஊரெல்லாம் தேடி, "அப்பாடா, என் பிள்ளை தின்கிற மாதிரி ஒரு பிஸ்கட்டு கிடைச்சுது" என்று வாங்கிக்கொண்டு போவாள். அந்தத் தாயை ஏமாற்றித்தான் அந்த நூறு ரூபாய் வரும். பிள்ளைக்கு உடனே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். உள்ளே குடல் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

கடைசியில் தீர்மான நோட்டில் இப்படி எழுதினோம். ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்து எழுத்தில் வாங்காமல் 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று ஒட்டுவதில்லை. டப்பாவில் என்னென்ன போட்டிருக்கிறோமோ அதை மட்டும் எழுதுவது. அதுக்குக் கீழே, 'கோதுமையும் புழங்கும் வீட்டில் தயாரித்தது' என்று பெரிய எழுத்தில் போடுவது. காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய அந்த அக்காதான் முதல் கையெழுத்துப் போட்டார்கள். குழுவிலிருந்து அவர்களுக்கு உள்கடன் கொடுத்தோம்.

கடைக்காரர் வாரம் 15 கிலோ எடுக்கவில்லை, 5 கிலோதான் எடுக்கிறார். அது உண்மை, மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 5 கிலோ நின்று போகவில்லை.

இதை ஏன் கூட்டமைப்பு மேடையில் சொல்கிறேன் என்றால், ஒரு குழுவால் முடியாததைக் கூட்டமைப்பால் செய்ய முடியும். தனியாக ஒரு அறை வேண்டும். கோதுமை வாசலையே மிதிக்காத அறை. அதுக்கென்று ஒரு மிக்ஸி, ஒரு ஓவன், நாலு தட்டு, ஒரு சல்லடை. வேலை செய்கிறவர்கள் உள்ளே போகும்போது மாத்துச் சேலையோ மேலங்கியோ போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு முறையும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அப்படி ஒரு அறை நமக்கு வந்துவிட்டால், அன்றைக்கு நாமே நெஞ்சை நிமிர்த்தி அந்த ஸ்டிக்கரை ஒட்டலாம். மதி அங்காடிகளிலேயும் வைக்கலாம். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் வீட்டிலிருந்து விற்க நினைக்கிறவர்களுக்கு நாலு விஷயம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள், சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு வருஷக் கட்டணம் 100 ரூபாய்தான். டப்பாவில் சேர்த்த பொருள், எடை, செய்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும், முகவரி, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். கடலை, எள்ளு, முட்டை, பால் எது சேர்த்திருந்தாலும் மறைக்காமல் எழுத வேண்டும். முட்டை போட்டதுக்குப் பச்சைப் புள்ளி போடக் கூடாது, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம்தான் போட வேண்டும். விலை வைக்கும்போது கடலை, சர்க்கரையோடு கேஸ், டப்பா, பஸ் செலவு, நம்ம கூலி அத்தனையும் எழுதிக் கூட்டிவிட்டு விலை வையுங்கள். நம்ம கூலியை எழுதாமல் விடுகிற பழக்கம் நமக்கு ரொம்ப உண்டு. சந்தியூரிலும் நாமக்கல்லிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. மதிப்புக்கூட்டல் பயிற்சி எப்போது என்று அங்கே கேட்டு, குழுவாகப் பேர் கொடுங்கள்.

என் நாத்தனார் மகள் இப்போது நாலாவது படிக்கிறாள். எடை ஏறியிருக்கிறது, கன்னம் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது பிறந்தநாள் கேக் கொடுத்தால் வாங்காமல் தன் டப்பாவைத் திறந்து கடலை பிஸ்கட்டை எடுத்துக்கொள்கிறாள். கூட இருக்கிற பிள்ளைகள் இப்போது கேக்கை விட்டுவிட்டு அந்த டப்பாவைச் சுற்றி நிற்கிறார்களாம். "அத்தை, இருபது பத்தாது, நாப்பது போடுங்க" என்று போனில் ஆர்டர் கொடுக்கிறாள்.

இங்கே இருக்கிற அக்கா தங்கச்சிகள் இந்த வாரம் ஒரே ஒரு தரம் கடலை பிஸ்கட் போட்டுப் பாருங்கள். நன்றாக வந்தால் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். யாருக்காவது உடம்புக்காக என்று செய்து கொடுத்தால், என்னென்ன போட்டோம், எந்தப் பாத்திரத்தில் போட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.